உயிரை அப்புறம் வச்சுக்கிடலாம்

ம் கொட்ட ஒரு வாய் இருந்தால் போதும், எவ்வளவு நீளமான கதையும் தானாக நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து ம் கொட்டுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

எங்கள் ஊர் ஸ்டேஷன் ரோட்டில், பருத்திவிதைக் கடைக்கு மேல்மாடியில், கோமதி காமர்ஸ் காலேஜ் இருக்கிறது. போர்டில் காலேஜ் என்று போட்டிருந்தாலும் மூன்று அறையும் ஒரு வராந்தாவும்தான். முதல் அறையில் கணக்குப் பதிவு, நடு அறையில் டைப்ரைட்டிங், கடைசி அறையில் சுருக்கெழுத்து. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி விரல் மஞ்சளாகிப் போகாமல், ஃபேன் சுற்றுகிற ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்ட எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த மரப்படியில் ஏறித்தான் ஆகவேண்டும், ஏறினார்கள், இன்னமும் ஏறுகிறார்கள். நான் அங்கே மணியடிக்கிறவன். மெஷினுக்கு எண்ணெய் போடுவதும் ரிப்பன் மாட்டுவதும் பானைக்குத் தண்ணீர் எடுப்பதும் நான்தான். மூன்றாம் கிளாசோடு நின்றுவிட்ட எனக்கு அப்பா அம்மா வைத்த பேர் மறந்து, எல்லாருக்கும் மணி அண்ணாச்சி ஆகிப்போனேன். படிப்பு ஏறாவிட்டாலும் காது ஒன்று எனக்கு ஒழுங்காக வாய்த்திருந்தது. எந்த மெஷினில் எந்தப் பிள்ளை அடிக்கிறது, அது காலையில் சாப்பிட்டு வந்ததா சாப்பிடாமல் வந்ததா என்பதை வராந்தாவில் நின்றே சொல்லிவிடுவேன்.

சுருக்கெழுத்துக்கு இருதயராஜ் சார். அவர் பாடம் நடத்துகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். ஒருவர் வேகமாகப் பேசுவதை அப்படியே பிடித்து எழுதவேண்டும் என்றால் எல்லா எழுத்தையும் எழுதிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. மெய்யெழுத்துக்கு மட்டும் ஒரு கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, வளைந்த கோடு என்று இழுத்துக்கொண்டே போகவேண்டும். உயிரெழுத்துக்கு உள்ள புள்ளியையும் குச்சியையும் பேச்சு நின்ற பிறகு பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் பிள்ளைகள் தடுமாறும்போதெல்லாம் அவர் மேசையைத் தட்டிக் கத்துவார்:

"மெய்யப் போடு! மெய்யப் போடு! உயிர அப்புறம் வச்சுக்கிடலாம்!"

கீழே விதைக்கடை முதலாளி அண்ணாந்து பார்த்து, "என்ன சார், மேல கொலை கிலை நடக்கா? மெய்யப் போடுங்கீங்க, உயிரு அப்புறங்கீங்க" என்று தினமும் கேட்பார், தினமும் அவரே சிரித்துக்கொள்வார்.

அந்த அறையில் மூன்றாவது பெஞ்சில் சன்னல் ஓரம் உட்கார்ந்தவள்தான் ஆவுடை. அப்பா இல்லை. அம்மா சீனியம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. இவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சியும் ஒரு தம்பியும். இருதயராஜ் சார் வேகமாகப் பேசிக் களைத்துப்போவாரே தவிர, அவள் எழுதிக் களைத்ததில்லை. கணக்கு வகுப்பில் வெயிலுமுத்து என்று ஒரு பையன். பற்றும் வரவும் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காத பிள்ளை. ஆவுடையிடம் அவன் பேசியதெல்லாம் "பென்சில் சீவியிருக்கா?" என்பதுதான். அவள் ஒரு பென்சிலை நீட்டுவாள், அவன் வாங்கிக்கொண்டு போவான், அது திரும்பி வந்ததே இல்லை. அத்தனை பென்சிலையும் அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு மாமா ஒருவர் மூலமாகச் சூரத்தில் ஒரு தறிக் கொட்டகையில் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. ஆவுடைக்குச் சுருக்கெழுத்துப் பரீட்சை நடக்கிற அதே நாளில்தான் அவனுக்கு ரயில். அதற்கு முன்தினம் வராந்தாவில் பானை பக்கத்தில் நின்றுகொண்டு, தண்ணீர் குடிக்கிறதுபோல் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்:

"ஆவுடை, நாளைக்கு நீ பரீட்சை முடிச்சு இறங்கி வரும்போது படிக்கட்டுக்குக் கீழ நிப்பேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ஆமான்னு சொன்னா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு உங்க அம்மாட்ட வந்து பேசிருதேன். இல்லன்னா ஏறிப் போயிருதேன்."

அவள் பானையை மூடிவிட்டு டைப் அறைக்குள் போய்விட்டாள். அன்று சாயந்தரம் அவள் அடித்த டைப்பில் ஓர் எழுத்து கூடத் தப்பவில்லை, ஒவ்வொரு வரி முடிவிலும் மெஷினின் சின்ன மணி பண்டிகை வீட்டு மணி மாதிரி கேட்டது. பதில் என்ன என்று அப்போதே எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். என் காதுக்கு அப்படிப் பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் பரீட்சையில் வெளியூரிலிருந்து வந்த சார் வேகமாகச் சொல்லச் சொல்ல, ஆவுடை எல்லா மெய்யையும் ஒன்று விடாமல் போட்டுவிட்டாள். உயிரை வைக்கலாம் என்று பென்சிலைத் திருப்பிப் பிடித்தபோது மணி அடித்தாயிற்று. தாளை வாங்கிக்கொண்டார்கள். அவள் எழுந்து மரப்படியில் இறங்கினாள். இறங்குகிறபோதே தொண்டையில் ஏதோ லேசாக இருக்கிறதே என்று கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாளாம். கீழ்ப்படியில் வெயிலுமுத்து தகரப் பெட்டியோடு நின்றான். அவள் அவனைப் பார்த்து வாயைத் திறந்து பதில் சொன்னாள்.

"ம்."

"என்னது? சரியா விழல."

"ம்" என்றாள் மறுபடியும். அவள் உயிரெழுத்து ஒன்று கூட அவளோடு இறங்கி வரவில்லை. எல்லாம் மேலே பெஞ்சிலேயே நின்றுவிட்டன.

சரியாக அந்நேரம் ரோட்டைத் தாண்டி, தூக்குவாளியில் மகளுக்குத் தயிர்ச்சோறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள் சீனியம்மா.

"இந்தா வந்துட்டேன்ட்டி! பசியா? என்னத்துக்கு அப்படிக் கூப்பிடுத?"

வெயிலுமுத்து சீனியம்மாவின் விரல்களைப் பார்த்தான். தீப்பெட்டி மருந்தில் மஞ்சள் பூத்துப்போன விரல்கள். அவளுக்குப் பின்னால், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னத் தம்பியைப் பார்த்தான். ஆவுடை சொன்னது அம்மா என்று அவனுக்குப் பட்டது. அம்மா இருக்கிறாள், அம்மாவை விட்டு வரமுடியாது, நியாயம்தான் என்று பட்டது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"அப்ப, வரட்டா?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். எங்கள் ஊர்த் தலையாட்டலில் எது ஆமா எது இல்லை என்று பெற்றவர்களுக்கே தெரியாது. "ம்… ம்" என்றாள். அவன் போய்விட்டான்.

நான் அப்போது மேலே பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில், சன்னல் ஓரத்தில், ஆள் இல்லாத இடத்தில், "ஆ… உ… ஐ…" என்று கேட்டது. காதை வைத்துக் கேட்டேன். ஆவுடையின் குரல்தான், தன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, மெய் இல்லாமல். பிறகு பரீட்சைக்குச் சொன்ன பாடம் முழுக்க உயிராகவே ஓடியது, ஏ, இ, ஊ, ஓ என்று. இருதயராஜ் சாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

"வைக்காம விட்டுட்டுப் போயிட்டா. பரவால்ல, ஒண்ணும் கெட்டுப் போகாது. ஒரு முழுப் பகல் வந்து உக்காந்து, ஒண்ணொண்ணா, அதது இடத்துல வச்சுக்கிடட்டும். அவசரமா வைக்கப்படாது, சொல்லே மாறிப் போகும். மனசுல வேற ஜோலி இருக்கவும் கூடாது. ஒரு பகல் போதும்."

ஒரு பகல்தான். ஆனால் வெள்ளிக்கிழமை பரீட்சை, திங்கட்கிழமை நூல் மில் ஆபீசில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், சனியும் ஞாயிறும் வாராவாரம் மேல்படிக்குப் பூட்டு. மில் மேனேஜருக்கு ஆவுடையைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. சொன்னதை எழுதுகிறாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை, இந்த மாதிரி ஸ்டெனோவைத்தான் இத்தனை நாளாய்த் தேடினேன் என்றாராம். அவள் கையெழுத்திலும் உயிர் வரவில்லை, எல்லா எழுத்துக்கும் தலையில் புள்ளிதான். அவள் எழுதிக் கொடுக்கிற கோடுகளுக்குப் பக்கத்துச் சீட்டு டைப்பிஸ்ட் எலிசபெத் உயிர் பார்த்து அடித்துக்கொள்வாள். ஆபீஸ் நடந்தது.

ஊருக்கும் அது பழகிப்போயிற்று. கண்டக்டர் அவள் வாயைத் திறக்குமுன்னே டிக்கெட் கிழித்தார். மளிகைக் கடையில் "ப்ல்" என்று கேட்பாள். கடைக்காரர் ஒரு கையில் பால் பாக்கெட்டும் ஒரு கையில் பல்பொடியும் தூக்கிக் காட்டி, "எதும்மா?" என்பார். அவள் விரலை நீட்டுவாள். சுருக்கெழுத்து படித்த பிள்ளைகளுக்கு மட்டும் அவள் பேச்சு அப்படியே விளங்கும், வாசலில் நின்று அவளோடு சாவகாசமாகக் கதை பேசிவிட்டுப் போவார்கள்.

விளங்காமல் போனது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் படிக்கட்டில் அவள் சொன்ன ம்.

டீக்கடையில் இதுதான் பேச்சு. "அம்மான்னுதான் சொன்னா. பெத்தவ எதுக்க நிக்கா, வேற என்னத்தச் சொல்லுவா?" என்பார் விதைக்கடை முதலாளி. "ஆமான்னு சொல்லிருப்பா. வயசுப் பிள்ளை" என்பார் டீ ஆற்றுகிறவர். பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிற பரமசிவம் கத்தரியை நிறுத்திவிட்டு, "ரெண்டும் இல்லவே. மாமான்னு சொல்லிருக்கா. அந்தக் கூறுகெட்ட பய போயிட்டான்" என்பார். என்னைக் கேட்டார்கள். ஆமாவில் ஒற்றை ம், அம்மாவில் இரட்டை ம், ஆனால் முன்னும் பின்னும் உயிர் பிடித்து நின்றால்தான் அது ஒற்றையா இரட்டையா என்று காதுக்குத் தெரியும், மொட்டை ம்மை யாரால் எண்ண முடியும் என்றேன். நல்ல பதில் என்று எல்லாரும் ஒரு வாய் டீ குடித்தார்கள்.

ஆவுடையையே கேட்டால் தீர்ந்தது என்பீர்கள். கேட்காமலா? கேட்ட எல்லாரும் சீனியம்மா இருக்கிறபோது கேட்டார்கள். "ஆமான்னா சொன்ன?" "ம்." "அம்மான்னா சொன்ன?" "ம்." சீனியம்மா மகள் தலையைத் தடவி, "எம் பிள்ள என்னத்தான் கூப்பிட்டா. என்ன விட்டுட்டுப் போவாளா?" என்பாள். அப்படிச் சொல்கிறபோது அவள் குரலில் கொஞ்சம் கேள்வியும் இருக்கும். என் காதில் அது விழும்.

அந்த ஒரு பகல் வரவே இல்லை. முதல் வருசம் லீவு கேட்கக் கூடாது. அடுத்த வருசம் பெரிய தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் வச்சுக்கிடலாம். கல்யாணம் முடிந்ததும் பிரசவம், பிரசவம் முடிந்ததும் சின்னத் தங்கச்சி, அதற்குப் பிறகு தம்பி பாலிடெக்னிக், தம்பிக்கு வேலை, வேலை பார்க்கிற பையனுக்கு ஒழுகாத வீடு. அப்புறம் வச்சுக்கிடலாம், அப்புறம் வச்சுக்கிடலாம். இருதயராஜ் சார் வகுப்பில் சொன்ன சொல் படிக்கட்டு இறங்கிப் போய் அந்த வீட்டில் குடியேறிவிட்டதுபோல, யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லாமல், எல்லாரும் பாசமாகவே சொன்னார்கள். ஆவுடையும் ம் என்றாள்.

ஒரே ஒரு தரம் சீனியம்மா பிடிவாதமாக நாள் பார்த்து, மகளுக்குத் தலை குளிப்பாட்டிப் பூ வைத்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். மேலே மூன்றாவது பெஞ்சை நான் துடைத்து வைத்திருந்தேன். அவள் வருகிற சத்தம் கேட்டு உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி சத்தம் போட்டன. ஆவுடை படியில் பாதி ஏறிவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அப்போது கீழே சைக்கிள் மணி. மில் ஆபீஸ் பியூன்.

"அம்மா, மேனேஜர் கையோட கூட்டியாரச் சொன்னார். பம்பாய்லருந்து ஆளு வந்திருக்கு, டிக்டேசன் இருக்காம்."

ஆவுடை மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். சீனியம்மா மகள் கையை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. "போயிட்டு வா தாயி. பெஞ்சு எங்க போகப்போகுது? அப்புறம் வச்சுக்கிடலாம்" என்றாள். பியூன் சைக்கிளின் பின்னால் பூவோடு உட்கார்ந்து போனாள். மேலே அன்று சாயந்தரம் வரை இ, இ என்று ஒரே எழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பெஞ்சில் நின்ற உயிரை ஊர் சும்மா விடவில்லை. முதலில் வந்தது விதைக்கடை முதலாளி மருமகள். பிறந்து நாளாகாத பிள்ளை, இரவும் பகலும் அழுகை. மேலே ஏதோ பெண்பிள்ளை பாடுகிறதே என்று தூக்கிக்கொண்டு வந்து மூன்றாவது பெஞ்சு ஓரம் உட்கார்ந்தாள். "ஆ… ஓ… ஆ…" என்று கேட்டதுதான், பிள்ளை கண் செருகித் தூங்கிவிட்டது. அதன் பிறகு மத்தியானம் வகுப்பு இல்லாத நேரமெல்லாம் மரப்படியில் பிள்ளைக்காரிகள் வரிசை. கொழுக் மொழுக்கென்ற பிள்ளைகள், காய்ச்சல் பிள்ளைகள், தாய் செத்துப்போன பிள்ளைகள், எல்லாம் ஆவுடையின் ஆவில் தூங்கின.

பிறகு, சாவு வீட்டில் அழுகை வராமல் கல்லாய்ப் போனவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். அந்த நீளமான ஓவையும் ஏயையும் கேட்டதும் அவர்களுக்குள் எதுவோ உடைந்து கொட்டிவிடும், கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாக இறங்கிப் போவார்கள். இருதயராஜ் சாரும் புதுப் பிள்ளைகளுக்குக் குறில் எது நெடில் எது என்று காட்ட அந்தப் பெஞ்சையே காட்டினார். மைக்செட்காரர் ஒருவர் பதிவு செய்து கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடலாம் என்று டேப் கொண்டுவந்தார். டேப்பில் ஃபேன் சத்தம் மட்டும்தான் விழுந்திருந்தது. காலேஜ்காரர்கள் ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள்: "உயிர் உள்ள அறை. செருப்பை வெளியே விடவும்."

யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. உடையவள் வந்து எடுத்துக்கொள்கிற வரை நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டுமே என்றார்கள். ஆவுடையிடமும் கேட்டார்கள். ம் என்றாள்.

ஆனால் கேட்கக் கேட்க அது தேய்ந்தது. முதலில் போனது ஔ. அதை யாரும் அவ்வளவாகத் தேடவில்லை. பிறகு ஐ போயிற்று. ஆவுடையின் பேர் ஆ, உ என்று பாதியில் நின்றது. பிறகு நெடில் எல்லாம் குறிலாகக் குறுக ஆரம்பித்தது. ஈ என்று இழுத்தது இ என்று நின்றது, ஊ என்பது உ ஆனது, ஏயும் ஓவும் சாவு வீட்டுக்காரர்களோடு போய்ச் சேர்ந்தன. நான் சாரிடம் சொன்னேன். அவருக்கும் அப்போது வயதாகிவிட்டது. "அந்தப் பிள்ளையச் சீக்கிரம் வரச் சொல்லுய்யா" என்றார். போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஆவுடை வீட்டில் தம்பிக்குப் பெண் பார்க்க ஆள் வந்திருந்தார்கள். அவள் என் கையில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டு, ம் என்றாள்.

சீனியம்மா படுக்கையில் விழுந்தபோது நான் பார்க்கப் போனேன். ஆவுடை அம்மாவின் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருசம் முன்னாலேயே தீப்பெட்டி வேலையை நிறுத்தியும் அந்த மஞ்சள் போகவே இல்லை. சீனியம்மா கண்ணைத் திறந்து, என்னைக் கவனிக்காமல், மகளைக் கேட்டாள்:

"ஏட்டி, இப்பச் சொல்லு. இனி எனக்கு என்ன இருக்கு, நெசத்தச் சொல்லு. அன்னைக்கு நீ என்னத்தான கூப்பிட்ட?"

ஆவுடை அம்மாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கூட யோசிக்கவில்லை.

"ம்" என்றாள்.

சீனியம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். நான் எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். உள்ளே ஆவுடை அழுதபோது அதிலும் உயிர் இல்லை. மெய் மட்டும் வைத்து அழுகிற அழுகையை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கவும் வேண்டாம்.

பிறகு அவளும் ரிட்டயர் ஆனாள். மாலை போட்டு, சால்வை போர்த்தி, மில் ஆபீஸ்காரர்கள் வேனில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் காலையில் காலேஜுக்கு வரப்போகிறாள் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. காலேஜில் இப்போது கம்ப்யூட்டர் கணக்குக்கு மூன்று பேட்ச், படியில் கால் வைக்க இடமிருக்காது. இருதயராஜ் சார் படமாகச் சுவரில் இருந்தார். அவள் இடத்தில் யாரையும் உட்கார விடாமல் நான் பார்த்துக்கொண்டேன். அவள் ஆவில் தூங்கிய பிள்ளைகள், இப்போது பெரிய ஆம்பிளைகளாகவும் பொம்பிளைகளாகவும், தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே ரோட்டில் நின்றார்கள். தம்பியும் தங்கச்சிகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

அது பங்குனி மாதம். குலசாமி கும்பிட வெளியூர்க்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பியிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் நரைத்த தலை ஒன்று டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்த விதத்தில் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெயிலுமுத்து. ஊருக்கு வரும்போதெல்லாம் இப்படி ஒரு டீ குடித்துவிட்டு, மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவானாம், டீக்கடைக்காரர் சொன்னார். இந்தத் தடவை, அந்தப் பிள்ளை இன்றைக்குத் தன் உயிரை எடுத்துக்கொள்ள வருகிறாள் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்துவிட்டான்.

"சௌக்கியமா வெயிலு?"

"என்னது?" என்று காதைச் சாய்த்தான். "தறிச் சத்தத்துல காது மந்தமாயிப் போச்சு அண்ணாச்சி. வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. மகன்கூட இருக்கேன். சாயங்கால வண்டிக்குத் திரும்பணும்."

ஆவுடை வந்தாள். யாரையும் பார்க்காமல் ஏறினாள். மூன்றாவது பெஞ்சில் சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பெஞ்சில் கையை வைத்துத் தடவினாள், அடியில் தடவினாள், சன்னல் கம்பியில் தடவினாள். அப்புறம் மெல்ல, பரணில் புறா அசைகிற மாதிரி, ஒரு அ வந்தது. எனக்கு அது யாரென்று தெரியும். அது அ இல்லை. அவள் பேரின் முதல் எழுத்து, ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் தூங்கவைத்த அந்தப் பெரிய ஆ, தேய்ந்து தேய்ந்து இவ்வளவாகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் நூல் மாதிரி மெலிந்து இன்னொரு ஆ. வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

அவள் அழவில்லை. இரண்டையும் தொண்டையில் வாங்கிக்கொண்டு, சிந்திவிடாமல் எடுத்துப் போகிறவள் மாதிரி வாயை மூடிக்கொண்டு படி இறங்கினாள். கூட்டம் விலகியது. கீழ்ப்படிக்கு முன்னால் தகரப் பெட்டி இல்லாமல் வெயிலுமுத்து நின்றான். அவனைக் கண்டதும் அவள் கால் நின்றுவிட்டது. அவ்வளவு வருசமாக வைக்காமல் விட்டதை, இருந்த இரண்டு உயிரையும் வைத்துச் சொன்னாள்:

"அமா."

கூட்டம் ஹோவென்று இரைந்தது. "அம்மாங்கா! பாத்தீங்களா, அம்மான்னுதான் சொன்னா!" தம்பிக்காரன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். "எங்கம்மா இதக் கேக்க இல்லாமப் போயிட்டாளே!" தங்கச்சிகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

வெயிலுமுத்து தலையைத் தாழ்த்திக்கொண்டு, அன்றைக்குப் போலவே நியாயம்தான் என்கிற முகத்தோடு சொன்னான்:

"அம்மா தவறிட்டாகன்னு கேள்விப்பட்டேன் ஆவுடை. நல்ல மனுசி."

அவள் வாயைத் திறந்தாள். இருந்த இரண்டு உயிரும் அந்தச் சொல்லோடு செலவாகிப்போயிருந்தன, இனி அதில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் சும்மா நிற்க முடியாது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், அவன் மந்தக் காதில் வாயை வைத்தேன்.

"வெயிலு, ரெண்டு இல்லடே. ஒண்ணு."

"என்னது?"

"ம்மு! உயிரு தேஞ்சு போச்சுய்யா, அதான் ஆ குறுகிட்டு. மெய்ய எண்ணு. அம்மாவுக்கு ரெண்டு ம்மு வரணும். இது ஒத்த ம்மு. நான் கேட்டேன். ஒத்த ம்மு!"

கணக்குப் படித்தவன். உதட்டை அசைத்து அம்மா என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தான், ஆமா என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தான். பிறகு, பழைய பக்கங்களில் எங்கோ ஒரு கூட்டல் தப்பியதால் அதற்குப் பின்னால் எழுதியதெல்லாம் தப்பாகிப்போனதைக் கண்டுபிடித்தவன்போல, அப்படியே கீழ்ப்படியில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் ஒரு துண்டுப் பென்சில், விரல்நீளம் கூட இல்லை. அதை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

ஆவுடை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. தம்பி கூப்பிட்டுப் பார்த்தான், அவள் எழவில்லை. விதைக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி நான் பக்கத்தில் வைத்தேன். வெயிலுமுத்து தறிக் கொட்டகையிலிருந்து ஆரம்பித்தான். அங்கே மழை பெய்கிற விதம், இந்தி தெரியாமல் முதல் மாதம் வெறும் ரொட்டி தின்றது, வீட்டுக்காரி வடக்குப் பாஷை கலந்து தமிழ் பேசியது, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா என்று கூப்பிட வராமல் போனது என்று மெதுமெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். அவள் ம் என்றாள். ஒவ்வொன்றுக்கும், அததற்கு வேண்டிய நீளத்தில், ம் என்றாள். வருத்தத்துக்கு ஒரு ம், சிரிப்புக்கு ஒரு ம், அப்புறம் என்று கேட்கிற ம். எதற்கும் உயிர் தேவைப்படவில்லை. வெயில் படியில் ஏறி, எதிர்ச்சுவருக்குப் போய், இறங்கிற்று.

வண்டி வருகிற நேரமாயிற்று. அவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். துண்டுப் பென்சிலை அவள் கையில் வைத்தான்.

"வரட்டா?" என்றான்.

அவள் உதட்டை மூடினாள். ம் சொல்ல உதட்டை மூடினால் போதும், மந்தக் காதுக்காரனுக்கும் அது தெரியும். அவன் என்னதென்று கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மேலே சாயங்கால பேட்சுக்கு நேரமாகிவிட்டது. நான் மணியடிக்கப் படியேறினேன்.